கொன்றைக்குப் புளி தூரத்து உறவு, அவரை நெருங்கிய உறவு: ஒரு குடும்பம் மறுபடி வகுக்கப்பட்ட கதை

2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'டாக்ஸான்' என்ற வகைப்பாட்டியல் இதழில் வெளியான ஒரு கட்டுரை, அவரைக் குடும்பத்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நிலைத்திருந்த மூன்று துணைக்குடும்பங்களைக் கலைத்து ஆறாக்கியது. ஆசிரியர்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர், பெயர்கள் அகரவரிசையில், பொறுப்பேற்றது 'லெகூம் பைலோஜெனி ஒர்க்கிங் குரூப்' என்ற கூட்டுப் பெயர். தனி ஒருவரின் சிஸ்டம் என்று சொல்ல முடியாதபடி திட்டமிட்டே செய்தார்கள். காரணம் இருக்கிறது. ஆர்க்கிட், சூரியகாந்தி குடும்பங்களுக்கு அடுத்தபடியாகப் பூக்கும் தாவரங்களில் மூன்றாவது பெரிய குடும்பம் இது. சுமார் 765 பேரினங்கள், 19,500 சிற்றினங்கள். துவரையும் உளுந்தும் நிலக்கடலையும் புளியும் வேலமரமும் ஆவாரையும் இதற்குள்தான். இதில் கை வைத்தால் வேளாண்மை, காட்டியல், மருந்து, சட்டம் என்று எல்லாத் துறைகளின் ஏடுகளிலும் அது தெரியும்.

இந்த நிகழ்வில் என்னை ஈர்ப்பது மரபணு எதைச் சொன்னது என்பதைவிட, எந்த இடத்தில் அது பேசுவதை நிறுத்தியது என்பதுதான். யாருக்கு யார் உறவு என்பதை டிஎன்ஏ சொல்லிவிடுகிறது. கோடு எங்கே போடுவது, எந்தப் பெயர் யாருக்கு என்பதை மனிதர்கள் கூடிப் பேசித்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

பழைய ஏற்பாடு

பெந்தம், ஹூக்கர் என்ற இருவர் வகுத்த பழைய வகைப்பாட்டில், அதாவது பெந்தம்–ஹூக்கர் முறையில், தாவரவியல் படித்த எவருக்கும் மூன்று துணைக்குடும்பங்களும் மனப்பாடம்: பாப்பிலியோனாய்டே, சிசால்பினியாய்டே, மைமோசாய்டே. பிரிப்பதற்கான சாவி மொட்டில் இருந்தது. அகத்தி மொட்டை நகத்தால் பிரித்துப் பாருங்கள். மேலே நிற்கும் பெரிய கொடியிதழ் மற்ற நான்கு இதழ்களையும் வெளியிலிருந்து மூடியிருக்கும். அதற்குள் இரண்டு சிறகிதழ்கள். அவற்றுக்கும் உள்ளே படகு போல இணைந்த இரண்டு. இது பாப்பிலியோனாய்டே. கொன்றை மொட்டில் இது நேர்மாறு: மேலிதழ் எல்லாவற்றுக்கும் உள்ளே அடங்கியிருக்கும். இது சிசால்பினியாய்டே. வேலம்பூவிலோ இதழ்கள் ஒன்றையொன்று தழுவுவதே இல்லை. விளிம்போடு விளிம்பு தொட்டு நிற்கும். பூக்கள் மிகச் சிறியவை, நூற்றுக்கணக்கான மகரந்தத்தாள்கள் சேர்ந்து மஞ்சள் உருண்டையாகத் தெரிவதைத்தான் நாம் பூ என்கிறோம். இது மைமோசாய்டே.

சாவி நன்றாகவே வேலை செய்தது. களத்தில் இன்றும் செய்கிறது. ஆனால் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் தனித்த அடையாளம் இருந்ததே தவிர, நடுவில் இருந்த சிசால்பினியாய்டேக்கு அப்படி ஒன்றும் இல்லை. பட்டாம்பூச்சிப் பூவும் இல்லை, பந்துப் பூவும் இல்லை என்றால் அங்கே போடு. மிச்சம் மீதியைப் போட்டு வைக்கும் கூடையாகத்தான் அது இருந்தது.

கூடைக்குள் எவ்வளவு வேற்றுமை என்பதற்கு இரண்டு பூக்கள் போதும். சரக்கொன்றையில் ஐந்து மஞ்சள் இதழ்கள், பத்து மகரந்தத்தாள்கள். அவற்றில் மூன்று நீண்டு வளைந்து பூவுக்கு வெளியே தொங்கும், நான்கு குட்டை, மீதி மூன்று வளராமல் நின்றுபோனவை. புளியம்பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் கணக்கே வேறு. புல்லி நான்கு, சிவப்பு நரம்போடிய மஞ்சள் இதழ்கள் மூன்று மட்டுமே கண்ணுக்குத் தெரியும், மற்ற இரண்டும் மயிரிழையாகச் சுருங்கியிருக்கும். வளமான மகரந்தத்தாள்களும் மூன்றே, அவையும் அடியில் ஒட்டிப் பிறந்தவை. இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தது பூவின் ஒற்றுமையால் அல்ல, மற்ற இரண்டு பெட்டிகளிலும் இடமில்லாததால். பழைய தாவரவியலாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. மாற்றாக வைக்கக் கையில் சான்று இல்லை, அவ்வளவுதான்.

பசுங்கணிகத்திலிருந்து வந்த சான்று

1990-களில் முதலில் எடுத்துக்கொண்டது ஆர்பிசிஎல் என்ற பசுங்கணிக மரபணுவை. பசுங்கணிகம் என்பது செல்லுக்குள் ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பச்சை உறுப்பு; அதற்கென்று தனி டிஎன்ஏ உண்டு. செல்லுக்குப் பல நூறு பிரதிகள் இருப்பதால் ஹெர்பேரியத்தில் ஒட்டிவைத்த பழைய காய்ந்த இலையிலிருந்துகூட அதை எடுத்துவிடலாம். ஆனால் ஆர்பிசிஎல் மெதுவாக மாறும் மரபணு. நெருங்கிய பேரினங்களுக்கு இடையே வித்தியாசம் காட்டாது. அதைவிட வேகமாக மாறும் மேட்-கே மரபணு, சுமார் 1,500 எழுத்துகள் நீளமுள்ளது, அடுத்ததாக எல்லோருக்கும் பொதுவான அளவுகோலாயிற்று.

எழுத்து எழுத்தாக ஒப்பிடுவதற்கு வெளியேயும் சான்றுகள் கிடைத்தன. அவற்றில் எனக்குப் பிடித்தது இது: பெரும்பாலான தாவரங்களின் பசுங்கணிக டிஎன்ஏவில் ஏறத்தாழ 25,000 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி, ஒன்றுக்கொன்று தலைகீழான இரண்டு பிரதிகளாக இருக்கும். பட்டாணி, கொண்டைக்கடலை, மைசூர்ப்பருப்பு, வெந்தயம் ஆகியவற்றில் ஒரு பிரதி காணாமல் போயிருக்கிறது. துவரையிலும் உளுந்திலும் நிலக்கடலையிலும் இரண்டும் இருக்கின்றன. இத்தனை பெரிய துண்டு பல இனங்களில் தனித்தனியாக, அதே இடத்தில், அதே மாதிரி தொலைந்திருக்கும் என்று நம்புவதைவிட, ஒரு மூதாதையிடம் ஒருமுறை தொலைந்தது வழிவழியாக வந்தது என்பதே நம்பத்தக்கது. பருப்பு டப்பாக்களை இந்த அடிப்படையில் அடுக்கினால் வெந்தயம் மசாலாச் சாமான்களை விட்டுக் கடலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இப்படிப் பத்திருபது ஆண்டுகள் சேர்ந்த வேலையின் முடிவில் 2017 கட்டுரைக்குக் கிடைத்த தரவு: 3,696 சிற்றினங்களின் மேட்-கே வரிசைகள். குடும்பத்தின் மொத்தச் சிற்றினங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பேரினங்களில் 765-க்கு 698. சிற்றினக் கணக்கைவிட இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். எந்தப் பெரிய கிளையும் விடுபட்டுவிடவில்லை என்று அது உறுதி தருகிறது.

இந்தத் தரவிலிருந்து வரைந்த உறவு மரம் காட்டியது இதுதான். பாப்பிலியோனாய்டே ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் அனைவரையும் கொண்ட நேர்மையான குழு. மைமோசாய்டேயும் கிட்டத்தட்ட அப்படியே. ஆனால் மைமோசாய்டே, சிசால்பினியாய்டேக்குப் பக்கத்தில் நிற்கும் கிளை அன்று. அதற்குள்ளிருந்தே முளைத்த கிளை. நம் தெருவோரத்துக் குல்மொஹர் மரமும் இயல்வாகையும், கொன்றையைவிட வேலமரத்துக்கு நெருக்கமானவை. பழைய சிசால்பினியாய்டேயின் மற்ற உறுப்பினர்கள் மரத்தின் அடியிலேயே பிரிந்துபோன வேறு வேறு கிளைகள். புளி ஒரு பக்கம், மந்தாரை ஒரு பக்கம். கொன்றையோடு பெட்டியில் இரண்டு நூற்றாண்டு ஒன்றாக இருந்த புளியைவிட, அவரையும் துவரையுமே கொன்றைக்கு நெருங்கிய உறவு.

வேர் விஷயத்திலும் இந்த மரம் பொருந்துகிறது. தக்கைப்பூண்டு, சணப்பு, கொளுஞ்சி ஆகியவற்றைப் பிடுங்கிப் பார்த்தால் தழைச்சத்தைச் சேர்க்கும் முடிச்சுகள் இருக்கும் என்பது விவசாயிக்குத் தெரியும். புளியின் வேரிலோ மந்தாரையின் வேரிலோ தேடினால் கிடைக்காது. முடிச்சு விடும் இனங்கள் பாப்பிலியோனாய்டேயிலும், வேலமரத்தின் சுற்றத்திலும்தான் குவிந்திருக்கின்றன. 'அவரைக் குடும்பம் என்றால் மண்ணுக்கு உரம்' என்று பொதுவாகச் சொல்லும் பாடம் இந்தக் குடும்பத்தின் பல மரங்களுக்குப் பொருந்துவதில்லை.

கோடு போடும் இடம்

ஒரு குழுவுக்குப் பெயர் வைத்தால் அதற்குள் ஒரு மூதாதையின் வழித்தோன்றல்கள் அனைவரும் இருக்க வேண்டும், யாரையும் விலக்கக் கூடாது என்பது இன்றைய வகைப்பாட்டின் அடிப்படை ஒழுங்கு. அதை ஏற்றால் பழைய சிசால்பினியாய்டேயை அப்படியே வைத்திருக்க முடியாது. அதற்குப் பிறகு இரண்டு வழிகள்தான்.

முதல் வழி, மைமோசாய்டேயைத் துணைக்குடும்பமாகக் காப்பாற்றுவது. அப்படியானால் அதற்குக் கீழே படிப்படியாகப் பிரிந்த ஒவ்வொரு சிறு கிளைக்கும் ஒரு துணைக்குடும்பப் பெயர் தர வேண்டும். அவற்றில் பல கிளைகளின் இடமே உறுதியாகவில்லை. பூவைப் பார்த்து அடையாளம் காணவும் முடியாது. இரண்டாவது வழி, மைமோசாய்டேயை ஒரு படி இறக்கி, கொன்றையும் வேலமும் சேர்ந்த பெரிய கிளை முழுவதையும் ஒரே துணைக்குடும்பமாக்குவது. குழு இரண்டாவதைத் தேர்ந்தது. ஒன்றுசேர்ந்த கிளைக்கு எந்தப் பெயர் என்று வந்தபோது மூப்பு பார்த்து முடிவெடுக்க வழியில்லை. இரண்டு பெயர்களையும் தெ கந்தோல் என்ற தாவரவியலாளர் 1825-ல் ஒரே நூலில் வெளியிட்டிருந்தார். சிசால்பினியாய்டே என்ற பெயர் தேர்வாயிற்று.

ஆறு துணைக்குடும்பங்களின் பட்டியல் சமமானதன்று. பாப்பிலியோனாய்டேயில் சுமார் 14,000 சிற்றினங்கள், புதிய சிசால்பினியாய்டேயில் 4,400, புளியும் அசோகும் சேர்ந்த டெட்டாரியாய்டேயில் 760, மந்தாரையின் செர்சிடாய்டேயில் 335, டயாலியாய்டேயில் 85. இந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் இலங்கையில் சிங்களர் 'கல்சியம்பலா' என்று விற்கும் புளிப்புப் பழமரம் வருகிறது. ஆறாவது துணைக்குடும்பத்தில் ஒரே ஒரு சிற்றினம்: மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் ஏறும் டூபார்க்கெட்டியா ஆர்க்கிடேசியா என்ற கொடி. ஒற்றைக் கொடிக்கு ஒரு துணைக்குடும்பமா என்று கேட்கத் தோன்றும். வேறெந்தக் கிளையோடும் சேர்க்க முடியாத தனிக் கிளை அது; எண்ணிக்கைக்காக அதை இன்னொன்றோடு ஒட்டவைத்தால் பழைய கூடை வேலையையே மறுபடி செய்தது போலாகும். இதில் குழுவின் பக்கம்தான் நான்.

ஆனால் பெயர்த் தேர்வில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2016-ல் அச்சான ஒரு பட்டியலில் 'சிசால்பினியாய்டே' என்றால் புளி உள்ளே, வேலம் வெளியே. 2018-ல் அச்சான பட்டியலில் அதே சொல்லுக்குப் புளி வெளியே, வேலம் உள்ளே. ஒரே பெயர், இரண்டு பொருள். வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் வெளியான ஆண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியக் கல்லூரிகளில் பெந்தம்–ஹூக்கர் முறை இன்றும் பாடத்தில் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பு. செய்முறைத் தேர்வுக்கு வரும் மாணவர் பழைய பொருளில் எழுதுவார், ஆய்வுக்குப் போனதும் அதே சொல்லைப் புதிய பொருளில் எழுதுவார்.

கருவேலத்துக்கு நடந்ததும் வன்னிக்கு நடந்ததும்

துணைக்குடும்பம் எப்படி மாறினாலும் சாதாரண மனிதருக்குத் தெரியாது. பேரினப் பெயர் மாறினால் தெரியும். அதற்கு இந்தக் குடும்பத்திலேயே பெரிய சண்டை ஒன்று முன்பே நடந்திருந்தது.

அகேசியா என்ற பேரினத்தில் ஒரு காலத்தில் கருவேலமும் சீகைக்காயும் ஆஸ்திரேலியாவின் வாட்டில் மரங்களும் ஒன்றாக இருந்தன. டிஎன்ஏ சான்று அதைக் குறைந்தது ஐந்தாகப் பிரித்தது. அந்த ஐந்தும் ஒருவருக்கொருவர் நெருங்கியவர்கள்கூட இல்லை. விதிப்படி பார்த்தால், பெயரின் மூல மாதிரியாக எந்தச் சிற்றினம் குறிக்கப்பட்டிருக்கிறதோ அது இருக்கும் துண்டுக்கே பெயர் போகும். அகேசியாவின் மூல மாதிரி, ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வளரும் நம் கருவேலம். ஆனால் அந்தத் துண்டில் சுமார் 160 சிற்றினங்கள். ஆஸ்திரேலியத் துண்டில் ஆயிரத்தைத் தொடும். ஆயிரம் பெயர்களை மாற்றுவதைவிட மூல மாதிரியையே மாற்றிவிடலாம் என்று 2003-ல் ஆஸ்திரேலியத் தாவரவியலாளர்கள் முன்மொழிந்தார்கள். பெயர்களைப் பரிசீலிக்கும் குழு அதை ஏற்று முடிவெடுத்தது. 2005-ல் வியன்னாவில் கூடிய சர்வதேசத் தாவரவியல் மாநாட்டில் அந்த முடிவை ரத்து செய்யக் கோரி வாக்கெடுப்பு நடந்தது. ரத்து செய்ய வேண்டும் என்று 54.9 சதவீதம். தேவைப்பட்டதோ 60. பாதிக்கு மேற்பட்டவர்கள் எதிர்த்தும் முடிவு நின்றது. 2011-ல் மெல்போர்ன் மாநாடு அதை உறுதிசெய்தது.

விளைவு: கருவேலம் வாச்செலியா நிலோட்டிகா ஆயிற்று. சீகைக்காய் செனெகாலியா ருகாட்டா ஆயிற்று. தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்து நட்டு, இன்று ஊட்டியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளைத் தின்னும் வாட்டில் மரமே அகேசியா என்ற பெயரை வைத்துக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கைக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனாலும் 60 சதவீதம் என்ற தடை, ஏற்கெனவே ஒரு குழு எடுத்த முடிவின் பக்கம் தராசைச் சாய்த்து வைக்கிறது என்ற எதிர்ப்பாளர்களின் வாதம் இன்னும் எனக்குச் சரியாகவே படுகிறது.

வன்னிக்கு நடந்தது இதற்கு எதிர். 2022-ல் சிசால்பினியாய்டே துணைக்குடும்பத்தின் 997 உட்கரு மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு வெளியாயிற்று. பசுங்கணிக மரபணு எத்தனை எடுத்தாலும் அது ஒரே வழியாக இறங்கும் ஒரே வரலாறு. உட்கரு மரபணுக்கள் ஆயிரம் என்றால் ஆயிரம் சாட்சிகள், சில வேளைகளில் ஒன்றுக்கொன்று முரணான சாட்சிகள். அந்த ஆய்வில் பல பேரினங்கள் உடைய வேண்டியவை என்று தெரிந்தது. அவற்றில் ஒன்று ப்ரோசோபிஸ். அதன் 57 சிற்றினங்களும் நான்கு பேரினங்களாகப் பிரிந்தன. லின்னேயஸ் 1767-ல் ப்ரோசோபிஸ் என்று பெயரிட்டதே வன்னியை வைத்துத்தான் என்பதால், பெயர் வன்னியோடும் அதன் இரண்டு உறவுகளோடும் நின்றுவிட்டது. மூன்றே சிற்றினங்கள். சீமைக்கருவேலம் உட்பட 43 அமெரிக்க இனங்கள் நெல்டூமா என்ற பேரினத்துக்குப் போயின. இந்த முறை யாரும் மூல மாதிரியை மாற்றி எழுதவில்லை.

இதற்கு மரபணுவே தேவையில்லை என்று பின்னோக்கிப் பார்த்துச் சொல்லலாம். வன்னிக் கிளையை விரலால் தடவினால் முள் கணுக்களுக்கு நடுவே, கண்ட இடத்தில் இருக்கும். சீமைக்கருவேலத்தில் முள் இலை புறப்படும் கணுவிலேயே இருக்கும். வெட்டுக்கூலிக்குப் போகிறவர்களின் கைகளுக்கு இது தெரியும். வகைப்பாட்டியலாளர்களும் இதைப் பார்த்துப் பிரிவுகளாக எழுதிவைத்திருந்தார்கள். பேரினம் அளவுக்குப் பெரிய வேறுபாடு என்று மட்டும் கருதவில்லை.

இங்கேதான் பெயர் ஏட்டை விட்டு வெளியே வருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்ட காலத்தில் அந்த மரத்தின் அறிவியல் பெயர் ப்ரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. அதையொட்டி எழுந்த மனுக்கள், கணக்கெடுப்புகள், ஆய்வுகள் எல்லாம் அந்தப் பெயரில்தான் தேடினால் கிடைக்கும். இன்று எழுதப்படுபவை நெல்டூமா ஜூலிஃப்ளோராவில் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துத் தேடாத ஆய்வாளருக்குப் பாதிச் செய்திதான் கையில் வரும். தமிழ்ப் பெயரில் தேடுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்னும் நடப்பவை

2024-ல் அதே உட்கருத் தரவை வைத்து சிசால்பினியாய்டேயைத் துணைக்குடும்பத்துக்குக் கீழே 11 குலங்களாக வகுத்தார்கள். 2017-ல் படி இறங்கிய மைமோசாய்டே, சுமார் 100 பேரினங்கள் கொண்ட மைமோசியே என்ற குலமாகத் தன் இடத்தை முறைப்படி பெற்றது. தனி அடையாளம் அழிந்துவிட்டதே என்று 2017-ல் வருந்தியவர்களுக்கு இது பதில்.

மரத்தின் அடிப்பகுதி அத்தனை சுலபமாக வசப்படவில்லை. ஆறு துணைக்குடும்பங்களும், டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவையொட்டி, ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிரிந்திருப்பதாக 2020-ஐ ஒட்டி வந்த மரபணுத்தொகுதி ஆய்வுகள் சொல்கின்றன. அத்தனை குறுகிய காலத்தில் நடந்த பிரிவுகளுக்கு மரபணுவில் பதிந்த தடயமும் குறைவு. எது முதலில் பிரிந்தது என்பதில் வெவ்வேறு மரபணுக்கள் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. பூவை நம்பினால் இன்னும் மோசம்: அவரைக் குடும்பம் அடங்கிய அதே துறையில் (குடும்பத்துக்கு மேலே உள்ள வகைப்பாட்டுப் படியில்) இருக்கும் பாலிகாலா குடும்பத்துப் பூவைப் பார்த்தால் அச்சு அசல் பட்டாம்பூச்சிப் பூ, ஆனால் அதன் சிறகுகள் அல்லிகள் அல்ல, புல்லிகள்.

மிகப்பெரிய வேலை பாப்பிலியோனாய்டேயில் காத்திருக்கிறது. நம் பயறுகள் பெரும்பாலும் அடங்கிய பழைய குலமும், புங்கம் அடங்கிய பழைய குலமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதாக மரபணு மரங்கள் காட்டிவிட்டன. புங்கமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: பொங்காமியா பின்னேட்டா, டெர்ரிஸ் இண்டிகா, மில்லெட்டியா பின்னேட்டா என்று மூன்று பேரினங்களில் அலைந்து, இப்போதைக்குப் பொங்காமியாவில் வந்து நிற்கிறது. நர்சரியில் கன்று வாங்கும்போது சீட்டில் இவற்றில் எது எழுதியிருந்தாலும் மரம் ஒன்றுதான்.